ஒரே உடம்பு, மூன்று தழும்புகள்! - அம்மாவின் பைபாஸுக்குப் பிறகு நாங்கள் தெரிந்துகொண்டவை

என் அம்மாவின் உடம்பில் மூன்று ஆபரேஷன் தழும்புகள் இருக்கின்றன. முதலாவது, தொப்புளுக்குக் கீழே நேர்க்கோடாக இறங்குவது. 27 வருடங்களுக்கு முன்பு நான் சிசேரியனில் பிறந்தபோது வந்தது. மற்ற இரண்டும் ஒரே நாளில் வந்தவை. சென்ற வருடம், 53 வயதில், அம்மாவுக்கு மதுரையில் பைபாஸ் சர்ஜரி நடந்தது. நெஞ்சின் நடுவே ஒரு கோடு. அடைபட்ட இதய ரத்தக்குழாய்களுக்கு மாற்றுப்பாதை போடுவதற்காகக் காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்த இடத்தில், கணுக்காலில் தொடங்கி முழங்கால் வரை இன்னொரு கோடு.

மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் மூன்று வேறு ஆட்களுடையவை என்றுதான் சொல்வீர்கள். வயிற்றுத் தழும்பு வெளுத்து, மெலிந்து, தோலோடு தோலாகிவிட்டது. கால் தழும்பு கறுத்திருக்கிறது, ஆனால் தட்டையாக இருக்கிறது. நெஞ்சுத் தழும்பு மட்டும் ஆறாவது மாதத்தில் சணல் கயிற்றை ஒட்டவைத்த மாதிரி புடைத்து, கருஞ்சிவப்பாகப் பளபளத்தது.

நெஞ்சுக்கும் காலுக்கும் ஒரே நாளில்தான் ஆபரேஷன். டாக்டர் குழுவும் ஒன்றுதான், அதற்குப் பிறகு அம்மா சாப்பிட்ட சாப்பாடும் ஒன்றுதான். அப்படியிருக்க, ஒன்று அடங்கியும் இன்னொன்று புடைத்தும் போனது ஏன்? எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி வந்தது ஆர்வத்தால் அல்ல, அம்மா தூங்காததால்.

அம்மா மறைத்துவைத்த அரிப்பு

ஆபரேஷன் முடிந்து எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தோம். முதல் இரண்டு மாதங்கள் எல்லாம் நன்றாகவே போயின. மூன்றாவது மாதத்திலிருந்து அம்மாவிடம் ஒரு மாற்றம். ராத்திரி எழுந்து கட்டிலில் உட்கார்ந்துகொள்வார். ஜாக்கெட்டின் கழுத்தை ஊக்கு குத்தி மேலே இழுத்துவைத்துக்கொள்வார். அக்காவின் ஒன்றரை வயதுப் பையன் ஓடிவந்து மேலே விழுந்தால், இரண்டு கைகளாலும் நெஞ்சை மறைத்துக்கொள்வார். கேட்டால், "ஒண்ணுமில்லத்தா, லேசா அரிக்குது" என்பார்.

இதய டாக்டரிடம் செக்கப்புக்குப் போனோம். இ.சி.ஜி., எக்கோ இரண்டும் நன்றாக இருந்தன. "ஹார்ட் நல்லா வேலை செய்யுதும்மா, தைரியமா இருங்க" என்றார். தழும்பைப் பற்றி அவர் கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை.

அன்று ராத்திரிதான் விஷயம் வெளியே வந்தது. "உள்ள கட்டுன கம்பி ஒவ்வொண்ணா விடுதுபோலத்தா. அதான் இழுக்குது, குத்துது. சொன்னா மறுபடியும் நெஞ்சைத் தொறப்பாங்க. இன்னொரு தடவ என்னால முடியாது."

அம்மா சொன்ன கம்பி நிஜம்தான். பைபாஸில் நெஞ்செலும்பை நடுவில் பிளந்துதான் இதயத்தை அடைகிறார்கள். வேலை முடிந்ததும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளால் எலும்பை இறுக்கிக் கட்டிவிடுவார்கள். எலும்பு கூடிய பிறகும் கம்பிகள் உள்ளேயே இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு அவற்றை எடுக்க வேண்டிய அவசியமே வராது.

அடுத்த வாரம் ஒரு தோல் டாக்டரைப் பார்த்தோம். பெண் டாக்டர் என்பதால் அம்மா தயங்காமல் காட்டினார். அவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது தோல்ல நடக்கிற விஷயம்மா. உள்ளே எதுவும் விடலை. இருந்தாலும் ஆபரேஷன் பண்ணின டாக்டர்கிட்ட ஒரு எக்ஸ்ரே எடுத்து உறுதி பண்ணிக்கலாம்" என்றார். எடுத்தோம். கம்பிகள் வரிசையாக, இடம் மாறாமல் இருந்தன. அம்மா அந்த ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொன்றாக எண்ணினார். ஆறு. அன்று மதியம் நன்றாகத் தூங்கினார்.

அரிப்பு அப்படியேதான் இருந்தது. ஆனால், அது என்ன அரிப்பு என்று தெரிந்ததே பாதி நிம்மதி.

தழும்பு எப்படி உருவாகிறது?

வெட்டுப்பட்ட இடத்தில் உடம்பு பழைய தோலை அப்படியே திரும்ப நெய்வதில்லை. ஒட்டுப்போடுகிறது. முதலில் ரத்தம் உறைந்து காயத்தை அடைக்கிறது. அடுத்த சில நாள்கள் லேசான வீக்கமும் சிவப்பும் இருக்கும். வெள்ளை அணுக்கள் வந்து கிருமிகளையும் செத்த திசுக்களையும் சுத்தம் செய்கிற நேரம் அது. அதன் பிறகு சில வாரங்களுக்கு, கொலாஜன் என்ற புரத நாரை உடம்பு அவசர அவசரமாகக் கொட்டி இடைவெளியை நிரப்பும். பின்னர்தான் நிதானமான வேலை தொடங்கும். அவசரத்தில் போட்ட நாரை நீக்கிவிட்டு, உறுதியான நாரை அடுக்கும். இந்த வேலை ஒரு வருடம் நடக்கும். சிலருக்கு ஒன்றரை வருடம்கூட ஆகும்.

அதனால், மூன்றாவது மாதத்தில் தழும்பைக் கண்ணாடியில் பார்த்து 'இனி வாழ்நாள் முழுக்க இப்படித்தான்' என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. பல தழும்புகள் அந்தச் சமயத்தில்தான் மிகச் சிவப்பாகவும் தடிப்பாகவும் இருக்கும். பிறகு மெல்ல அடங்கும்.

நல்ல தோலில் கொலாஜன் நார்கள் கூடை முடைந்த மாதிரி குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருக்கும். தழும்பில் அவை பெரும்பாலும் ஒரே திசையில், அடுக்கிவைத்த வைக்கோல் மாதிரி இருக்கும். இறுக்கம் அதனால்தான். தழும்பில் முடி வேர்களும் வியர்வைச் சுரப்பிகளும் இருக்காது.

வலிமையிலும் ஒரு கணக்கு உண்டு. காயம் மூடி ஒரு வாரத்தில் அந்த இடத்துக்கு இருப்பது பழைய தோலின் வலிமையில் சுமார் 3 சதவிகிதம்தான். மூன்று வாரங்களில் 20 முதல் 30 சதவிகிதம் வரை வரும். மூன்று மாதங்களில் 80 சதவிகிதத்தை நெருங்கும். அதற்கு மேல் ஏறாது. 'தையல் பிரிச்சாச்சே, இனி என்ன?' என்று மூன்றாவது வாரமே தண்ணீர்க் குடத்தைத் தூக்குபவர்கள் இந்தக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது. நெஞ்செலும்பு கூடவும் இரண்டு, மூன்று மாதங்கள் ஆகும்.

நெஞ்சில் மட்டும் ஏன்?

1861-ல் வியன்னாவைச் சேர்ந்த உடற்கூறியலாளர் கார்ல் லாங்கர் ஒரு விசித்திரமான சோதனையை வெளியிட்டார். இறந்தவர்களின் உடலில், உருண்டை முனையுள்ள குத்தூசியால் வரிசையாகத் துளையிட்டார். துளைகள் வட்டமாக இருக்கவில்லை, நீள்வட்டமாக இழுபட்டிருந்தன. உடம்பின் ஒவ்வொரு பகுதியிலும் அந்த இழுப்புக்கு ஒரு திசை இருந்தது. தோல் ஏற்கெனவே விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்ட துணி போன்றது என்பதை அந்தத் துளைகள் காட்டின.

அந்த இழுப்பின் திசையிலேயே வெட்டினால் காயத்தின் விளிம்புகள் அதிகம் விலகாது, தழும்பும் மெல்லியதாக இருக்கும். குறுக்கே வெட்டினால் இரு பக்கமும் பிடித்து இழுக்கும். எப்போதும் இழுபடும் காயத்தில், 'இன்னும் நார் போதவில்லை' என்பதுபோல உடம்பு கொலாஜனைக் கொட்டிக்கொண்டே இருக்கும்.

நெஞ்சின் நடுப்பகுதி இதற்கு மிக மோசமான இடம். நாம் ஒரு நாளில் சுமார் 20,000 தடவை மூச்சுவிடுகிறோம். ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்கூடு விரிகிறது. கையைத் தூக்கினால் ஓர் இழுப்பு, தலை சீவினால் ஓர் இழுப்பு. பெண்களுக்கு மார்பகத்தின் எடையும் சேர்ந்துகொண்டு, காயத்தை இரண்டு பக்கமும் கீழே இழுக்கும். அம்மாவின் கால் தழும்புக்கு இப்படிப்பட்ட தொந்தரவு இல்லை. அதனால் அது சமர்த்தாக அடங்கிவிட்டது.

வயிற்றுத் தழும்பிலும் இதே கதைதான். ஜெர்மானிய மகப்பேறு மருத்துவர் ஹெர்மன் ஃபானென்ஸ்டீல் 1900-ல், அடிவயிற்றில் குறுக்காக, லேசாக வளைந்த கோட்டில் வெட்டும் முறையை விளக்கி எழுதினார். இப்போது பெரும்பாலான சிசேரியன்களில் போடப்படுவது இந்த மாதிரியான குறுக்குக்கோடுதான். சேலைக்கட்டுக்குக் கீழே மறைந்துவிடுகிறது. அம்மாவுக்குப் போட்டது பழைய பாணி நேர்க்கோடு. அதுவும் ஆரம்பத்தில் தடித்துத்தான் இருந்ததாம். "நீ ஸ்கூலுக்குப் போறதுக்குள்ள அடங்கிருச்சு" என்கிறார்.

கால் தழும்பிலும் ஒரு குறை உண்டு. கணுக்காலின் உள்பக்கம் அம்மாவுக்கு இன்னும் மரத்தேதான் இருக்கிறது. காலிலிருந்து எடுக்கும் ரத்தக்குழாயை ஒட்டியே உணர்வு நரம்பு ஒன்று ஓடுகிறது. ஆபரேஷனில் அது பாதிக்கப்பட்டால் இப்படி ஆகும். பலருக்கு மாதக்கணக்கில் உணர்வு மெல்லத் திரும்பும், சிலருக்குக் கொஞ்சம் மரத்த இடம் நின்றுவிடும். சர்க்கரை நோயும் இருப்பதால், அம்மா தினமும் அந்தக் காலைப் பார்த்துத் தொட்டுச் சோதிக்கப் பழகிக்கொண்டார். மரத்த இடத்தில் செருப்பு கடித்தால்கூடத் தெரியாது அல்லவா?

தடித்த தழும்பு வேறு, கீலாய்டு வேறு

எங்கள் தெருவில் புடைத்த தழும்பு எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: 'சதை வளர்ந்திருக்கு.' ஆனால், அதில் இரண்டு வகை உண்டு.

ஒன்று, தடித்த தழும்பு. காயம்பட்ட கோட்டுக்குள்ளேயே புடைக்கும், எல்லை தாண்டாது. ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்றிரண்டு மாதங்களில் தொடங்கும். சிகிச்சை இல்லாமலேயே ஒன்றிரண்டு வருடங்களில் ஓரளவு அடங்கவும் வாய்ப்பு உண்டு.

இன்னொன்று கீலாய்டு. காயத்தின் எல்லையைத் தாண்டி நல்ல தோலின் மீதும் படரும். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு டாக்டர் அலிபெர் இதற்குப் பெயர் வைத்தபோது, நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை எடுத்துக்கொண்டார். பொருத்தமான பெயர். கீலாய்டு பல மாதங்கள் கழித்துக்கூட முளைக்கும், தானாக அடங்குவது அரிது. மாநிறம், கறுப்பு நிறத் தோல் உள்ளவர்களுக்கும், குடும்பத்தில் யாருக்காவது இருந்தவர்களுக்கும், பத்திலிருந்து முப்பது வயதுக்குள் இருப்பவர்களுக்கும் அதிகம் வருகிறது. காது மடல், நெஞ்சு, தோள், மேல்முதுகு ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள். காது குத்திய இடத்தில் உருண்டையாக வளர்ந்திருப்பதைப் பலரிடம் பார்த்திருப்பீர்கள்.

இரண்டுமே புற்றுநோய் இல்லை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றவும் செய்யாது. கீலாய்டை வெறுமனே வெட்டி எடுத்தால் போதும் என்று நினைப்பதும் தவறு. வெட்டுவதும் ஒரு காயம்தானே? வேறு சிகிச்சை சேர்க்காமல் வெட்டினால், பாதிப் பேருக்காவது மறுபடியும், சில சமயம் முன்பைவிடப் பெரிதாக வருகிறது. உங்களுக்கோ குடும்பத்திலோ கீலாய்டு இருந்தால், எந்த ஆபரேஷனுக்கு முன்பும் டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். அழகுக்காகக் கூடுதலாகக் காது, மூக்கு குத்துவதற்கு முன்பும் ஒருமுறை யோசியுங்கள்.

அம்மாவுக்கு இருந்தது முதல் வகை. அதைச் சொன்னபோது டாக்டர் ஒரு பேனாவால் தழும்பின் ஓரத்தில் இரண்டு புள்ளிகள் வைத்துக் காட்டினார். "இந்தக் கோட்டைத் தாண்டலை பாருங்க."

ஊசி, சிலிக்கான், தாலிக்கொடி

சிகிச்சை இரண்டு வகையில் தொடங்கியது. முதலில், தழும்புக்குள்ளேயே போடும் ஸ்டீராய்டு ஊசி. நான்கு வாரங்களுக்கு ஒன்று என நான்கு தடவை. கொலாஜன் உற்பத்தியைக் குறைத்து, அரிப்பையும் தடிப்பையும் அடக்கும் மருந்து அது. வலிக்கும். அம்மா முதல் ஊசிக்குப் பிறகு, "பைபாஸே தேவலாம்போல" என்றார். அரைகுறையாகச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். தோல் மெலிவது, அந்த இடம் வெளுப்பது போன்ற பக்கவிளைவுகளும் இந்த ஊசிக்கு உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாள்கள் சர்க்கரை அளவு ஏறலாம். அதனால் அம்மாவை வீட்டில் தினமும் சோதிக்கச் சொன்னார்கள்.

இரண்டாவது, சிலிக்கான் ஷீட். மெல்லிய ரப்பர் போல இருக்கும், தழும்பின் மீது ஒட்டிக்கொள்ள வேண்டும். தழும்பின் ஈரம் ஆவியாகாமல் காப்பதுதான் இதன் முக்கிய வேலை என்று கருதப்படுகிறது. ஒரு நாளில் 12 மணி நேரத்துக்குக் குறையாமல், குறைந்தது இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒட்ட வேண்டும். நான்கு நாள் ஒட்டிவிட்டுப் பலன் தெரியவில்லை என்று தூக்கிப்போட்டால் காசுதான் நஷ்டம். முகம், மூட்டு போல ஷீட் நிற்காத இடங்களுக்கு சிலிக்கான் ஜெல் இருக்கிறது. இரண்டையுமே தையல் பிரித்து, காயம் முழுதாக மூடிய பிறகுதான் தொடங்க வேண்டும்.

மதுரை வெயிலில் 12 மணி நேரம் ரப்பரை ஒட்டிக்கொண்டிருப்பது லேசான காரியமா? இரண்டாம் நாளே வேர்க்குரு. முதலில் நான்கு மணி நேரம், பிறகு ஆறு, பிறகு எட்டு என்று கூட்டிக்கொண்டுபோகச் சொன்னார் டாக்டர். தினமும் ஷீட்டையும் தோலையும் மென்மையான சோப்பால் கழுவி, நன்றாக உலர்த்திய பிறகே ஒட்ட வேண்டும். அம்மா ராத்திரி முழுக்கவும், மின்விசிறிக்கு அடியில் உட்காரும் மதிய நேரத்திலும் ஒட்டிக்கொண்டார்.

எந்தக் கட்டுரையிலும் நான் படிக்காத பிரச்னை ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. தாலிக்கொடி. அம்மாவின் தாலி சரியாகத் தழும்பின் நடுவில்தான் வந்து உட்காரும். நடக்கும்போதெல்லாம் உரசும், வியர்வையும் மஞ்சளும் சேர்ந்து அரிக்கும். 'கழற்றிவைங்க' என்று சொல்லும் தைரியம் எங்கள் யாருக்கும் இல்லை. அம்மாவே வழி கண்டுபிடித்தார். பகலிலும் ஒரு துண்டு ஷீட்டைத் தாலி படும் இடத்தில் ஒட்டிக்கொண்டு, அதன் மேல் தாலியைத் தொங்கவிட்டார். டாக்டர் பார்த்துவிட்டு, "இதை நான் மத்தவங்களுக்கும் சொல்லப்போறேன்" என்றார்.

உள்ளாடையும் அப்படித்தான். பட்டை உரசுகிறது என்று ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா அதை நிறுத்திவிட்டிருந்தார். ஆனால், தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லாவிட்டால் மார்பின் எடை தழும்பை இழுத்துக்கொண்டே இருக்கும். கம்பி இல்லாத, மெத்தென்ற பருத்தித் துணியில், முன்பக்கம் ஊக்கு வைத்ததாக வாங்கச் சொன்னார்கள். கையைப் பின்னால் வளைக்க வேண்டியதில்லை, தழும்புக்கும் தாங்கல். பைபாஸ் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரைகளை விளக்குவதுபோல, பெண்களிடம் இதையும் இரண்டு நிமிடம் சொல்லி அனுப்பினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

பத்தியம் படுத்திய பாடு

ஆபரேஷன் ஆன வீட்டுக்கு விசாரிக்க வருபவர்கள் ஹார்லிக்ஸோடு ஒரு பத்தியத்தையும் கொண்டுவருவார்கள். பருப்பு சேர்த்தால் சீழ் பிடிக்கும், புளிப்பு ஆகாது, முட்டை சூடு, கத்தரிக்காய் அரிக்கும். தழும்பு தடித்ததும் பெரியம்மா சொன்ன முதல் வார்த்தை, "வாயைக் கட்டியிருக்க மாட்டா." அம்மா காலை நீட்டிக் காட்டினார். "அதே வாய்தான் மதினி இதுக்கும் சாப்பிட்டுச்சு. இது ஏன் தடிக்கல?"

உண்மையில் காயம் ஆறுவதற்கு வேண்டிய முக்கியமான பொருள் புரதம். பருப்பு, முட்டை, மீன், பால் எல்லாம் அதற்குத்தான். அடுத்தது வைட்டமின் சி. அது இல்லாமல் உடம்பால் உறுதியான கொலாஜனை உருவாக்க முடியாது.

இதற்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. 1740-ல் ஜார்ஜ் ஆன்சன் தலைமையில் இங்கிலாந்திலிருந்து ஒரு கப்பல் படை கிளம்பியது. பல மாதங்கள் பழம், காய்கறி இல்லாமல் கடலில் இருந்த மாலுமிகளை ஸ்கர்வி நோய் தாக்கியது. அவர்களில் ஒரு முதிய வீரருக்கு, 1690-ல் அயர்லாந்தில் நடந்த பாய்ன் போரில் பட்ட காயங்கள் 50 வருடங்களுக்குப் பிறகு மறுபடியும் திறந்துகொண்டதாக அந்தப் பயணக் குறிப்பில் பதிவாகியிருக்கிறது. அரை நூற்றாண்டுத் தழும்பில்கூட உடம்பு பழைய நாரை எடுத்துவிட்டுப் புதிய நாரை வைத்துக்கொண்டே இருக்கிறது. வைட்டமின் சி அறவே இல்லாதபோது அந்த வேலை நின்று, ஒட்டு விட்டுப்போகிறது.

நமக்கு அந்த நிலை வராது. ஆனால், ஆபரேஷன் ஆனவருக்கு 'புளிப்பு ஆகாது' என்று எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யாவை எல்லாம் நிறுத்திவைப்பது எவ்வளவு தலைகீழான காரியம் என்பதை இந்தக் கதை சொல்கிறது. டாக்டரே காரணம் சொல்லித் தடுத்த உணவு தவிர, மற்றதைச் சாப்பிடக் கொடுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். ரத்தச் சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டாலும், புகைபிடித்தாலும் காயம் தாமதமாகத்தான் ஆறும்.

நாங்கள் கடைப்பிடித்தவை

* காயம் மூடும்வரை, ஆபரேஷன் செய்த டாக்டர் சொன்ன மருந்து மட்டும். மஞ்சள், தேங்காயெண்ணெய், விபூதி எதுவும் பச்சைக் காயத்தில் கூடாது. தையலை வீட்டில் பிரிக்கக் கூடாது, பொருக்கைப் பிய்க்கக் கூடாது.

* காயம் நன்றாக மூடிய பிறகு, வாசனை இல்லாத சாதாரண மாய்ஸ்சரைசர். வறண்டால் அரிப்பு கூடும். சொறிந்தால் தழும்பு இன்னும் தடிக்கும். அரித்தால் ஈரத்துணியால் ஒற்றி எடுப்பது நல்லது.

* டாக்டரின் அனுமதியோடு மசாஜ். விரல் நுனியால் மிதமாக அழுத்தி, தினமும் இரண்டு மூன்று முறை, ஐந்து நிமிடங்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி பலன் தரும் என்று சொல்ல முடியாது. ஆனால், தன் தழும்பைத் தானே தொடும் பயம் அம்மாவுக்கு இதில்தான் போனது.

* வெயில் படும் தழும்புக்கு எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்க்ரீன், இல்லையென்றால் துணி மறைப்பு. புதுத் தழும்பு வெயிலில் சீக்கிரம் கறுக்கும், அந்தக் கறுப்பு போக ரொம்ப நாளாகும்.

* வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்துத் தடவுவதைப் பலர் சொன்னார்கள். தழும்பு மறையும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை, சிலருக்கு அலர்ஜியும் வருகிறது. நாங்கள் தடவவில்லை.

* கடையில் கேட்டு வாங்கும் 'வெளுக்கும்' கிரீம்கள் வேண்டவே வேண்டாம். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் தொடர்ந்து தடவினால் தோல் மெலிந்து கெட்டுப்போகும்.

தழும்பை முழுதாக அழிக்கும் கிரீம் எதுவும் இல்லை. லேசரும்கூடத் தழும்பைக் குறைக்கும், நிறத்தை மட்டுப்படுத்தும், இல்லாமல் ஆக்காது. 'ஏழே நாளில் மறையும்' என்ற விளம்பரம் மொபைலில் வந்தால் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். தனியார் சிகிச்சைக்கு வசதி இல்லாவிட்டால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவையோ, பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவையோ அணுகலாம்.

இவற்றைத் தள்ளிப்போடாதீர்கள்

காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவுவது, சூடு, சீழ், துர்நாற்றம், காய்ச்சல், வலி நாளுக்கு நாள் கூடுவது, தையல் விட்டு வாய் பிளப்பது - இவை தொற்றின் அறிகுறிகளாக இருக்கலாம். உடனே ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போய்விடுங்கள். பைபாஸ் ஆனவர்களுக்கு இருமும்போது நெஞ்செலும்பு 'டக்'கென்று அசைவதுபோலத் தோன்றினாலும் அப்படியே. நெஞ்சில் அழுத்தம், மூச்சுத்திணறல், வியர்வை, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி வந்தால், 'தழும்பு இழுக்குது' என்று படுத்துவிடக் கூடாது. அது இதயத்தின் எச்சரிக்கையாக இருக்கலாம். 108-ஐ அழையுங்கள்.

இப்போது பதினான்கு மாதங்கள் ஆகின்றன. அம்மாவின் நெஞ்சுத் தழும்பு முக்கால்வாசி தட்டையாகிவிட்டது. நிறம் இன்னும் இருக்கிறது. அரிப்பு இல்லை. ஊக்கு குத்துவதை நிறுத்திவிட்டார். பேரன் மேலே விழுந்தால் இப்போது அவனைத் தூக்கிக்கொள்கிறார்.

போன மாதம் ஒரு வளைகாப்பு வீட்டில், எங்களுக்குத் தூரத்து உறவான ஓர் அக்கா அம்மாவைத் தேடிவந்தார். அடுத்த வாரம் அவருக்கு பைபாஸ். "ரொம்ப வலிக்குமா அத்தை? பெரிசா தெரியுமா?" என்று குரல் நடுங்கக் கேட்டார். அம்மா அவர் கையைப் பிடித்து உள்ளறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். கால் மணி நேரம் கழித்து இருவரும் வெளியே வந்தார்கள். அந்த அக்காவின் முகம் தெளிந்திருந்தது. பந்திக்குப் போகும்போது அம்மா பின்னாலிருந்து சொன்னார்: "எல்லாத்தையும் அப்புறம் பாத்துக்கலாம்டி. முதல்ல முன்பக்கம் ஊக்கு வச்ச பாடி ரெண்டு வாங்கி, பையில எடுத்து வச்சுட்டுப் போ."